ஒரு வாரக் கடற்கரையும் பத்து என்ற எண்ணும்

மே மாதம் வந்துவிட்டால் மும்பைத் தமிழர்களின் முகநூல் பக்கங்களில் இருவகைப் படங்களைக் காணலாம். ஒன்று, அலிபாகிலோ கோவாவிலோ குடும்பத்தோடு ஒரு வாரம் தங்கி எடுத்த கடற்கரைப் படங்கள். மற்றொன்று, நாகர்கோவில் விரைவுவண்டியின் சன்னலோரத்தில் தொடங்கி, திருச்செந்தூர்க் கடலில் இடுப்பளவு நீரில் நிற்கும் குழந்தைகளோடு முடியும் படங்கள். முதல் வகையைப் பதிவிடுவோர் அதை 'விடுமுறை' என்கின்றனர். இரண்டாம் வகையைப் பதிவிடுவோர் 'ஊருக்குப் போனோம்' என்கின்றனர். இரண்டிலும் அதே கடல், அதே கோடை, அதே குடும்பம். இந்த வேறுபாட்டை விருப்பம் என்றும் பண்பாடு என்றும் நாம் எளிதில் விளக்கிவிடுகிறோம். அவ்விளக்கம் போதாது என்பது என் கருத்து. வேறுபாட்டின் வேர் தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது.

மாட்டுங்கா, செம்பூர், தாராவி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் அமைந்தவை. ஆயினும் அவை மூன்று வேறு வேலை உலகங்கள். மாட்டுங்காவில் குடியேறிய தமிழர்களில் பலர் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் அலுவலகப் பணிக்கு வந்தவர்கள். 1932 இல் தொடங்கப்பெற்ற தென்னிந்தியக் கல்விக் கழகம் அச்சமூகத்தின் அடையாளங்களுள் ஒன்று. செம்பூரும் அதையடுத்த டிராம்பேயும் அணு ஆராய்ச்சி மையம், உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் ஆகியவற்றை ஒட்டி வளர்ந்தன. தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தோல் பதனிடும் கூடங்களில் தொடங்கி, பின்னர் தையல், தோல்பொருள் பட்டறை, இட்லி வியாபாரம், முறுக்குச் சுற்றுதல் எனப் பல தொழில்களில் பரவினர். விதிவிலக்குகள் மூன்று இடங்களிலும் உண்டு. செம்பூரில் குடிசைகளும் உண்டு; தாராவியில் வங்கி வேலைக்குச் செல்லும் இளைஞர்களும் உண்டு. ஆனால் பொதுப்போக்கு தெளிவானது.

மத்திய அரசு ஊழியர் ஒருவருக்கு ஈட்டிய விடுப்பும் உண்டு. விடுப்புப் பயணச் சலுகையும் உண்டு. அச்சலுகை சொந்த ஊருக்கு ஒன்று, இந்தியாவில் விரும்பிய இடத்துக்கு ஒன்று எனப் பயணத்தை இரண்டாகப் பிரித்தே வழங்கப்படுகிறது. அதாவது, ஊருக்குப் போவது வேறு, ஓய்வுக்காகப் போவது வேறு என்பதை அரசு தன் ஊழியர்களுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆலைத் தொழிலாளர்களுக்கு 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்தோடு கூடிய விடுப்பை வழங்கியது. ஆனால் அச்சட்டத்தின்படி, மின்விசை பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேராவது, பயன்படுத்தாத இடத்தில் இருபது பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. மகாராட்டிரத்தின் 2017 ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் பத்துப் பேர் என்ற வரம்போடுதான் வந்தது. ஆறு பேரும் எட்டுப் பேரும் தைக்கும் தாராவிப் பட்டறை இவ்வரம்புக்குக் கீழே நின்றுவிடுகிறது. அங்கே கூலி துண்டுக் கணக்கு. தைக்காத நாளுக்குக் காசு இல்லை. விடியுமுன் இட்லிப் பாத்திரத்தோடு புறப்படும் வியாபாரிக்கோ முதலாளியே இல்லை. அவர் ஒரு வாரம் வராவிட்டால் வருமானத்தோடு வாடிக்கையையும் இழக்கக்கூடும்.

ஓய்வுக்கான போராட்டம் இந்நகரத்துக்குப் புதியதன்று. 1884 இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய நாராயண் மேகாஜி லோகண்டே, பல ஆண்டுகள் போராடி 1890 இல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைப் பெற்றுத்தந்தார். இன்று தாராவிக் குடும்பம் ஒன்று மாகிமில் இரயிலேறி, சாந்தாக்ரூசில் இறங்கி, பேருந்தில் ஜூஹு சென்று ஒரு மாலையைக் கழிக்கிறதென்றால், அந்த மாலைக்குப் பின்னால் அப்போராட்டம் இருக்கிறது. வார விடுமுறை ஓரளவு வந்து சேர்ந்தது. வருடாந்தர விடுமுறை வரவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1936 இல் நிறைவேற்றிய உடன்படிக்கை, ஓராண்டு பணிக்குக் குறைந்தது ஆறு வேலைநாள் ஊதிய விடுமுறை என்று வரையறுத்தது. அது ஏறக்குறைய ஒரு வாரம். அதே 1936 இல் பிரான்சில் பெரும் வேலைநிறுத்தத்தை அடுத்து இரண்டு வார ஊதிய விடுமுறை சட்டமாயிற்று. கடலையே கண்டிராத தொழிலாளர் குடும்பங்கள் பல, சலுகைக் கட்டண இரயிலில் முதன்முதலாகக் கடற்கரைக்குச் சென்றன. கடற்கரை விடுமுறை என்பது பணக்காரரின் இரசனையாக இருந்து பொதுமக்களின் பழக்கமாக மாறியதில் சட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

இங்கே ஆய்வாளர்களாகிய நமது பொறுப்பும் இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2008-09 இலும் 2014-15 இலும் நடத்திய உள்நாட்டுச் சுற்றுலா ஆய்வுகள் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு முதன்மை நோக்கத்தைக் குறித்தன. இரவு தங்கும் பயணங்களில் மிகப் பெரும்பான்மை, உறவினரைக் காணல், திருமணம் போன்ற சமூக நோக்கங்களுக்கானவை என்றே பதிவாயின. ஓய்வுக்கான பயணம் சிறு பங்காகவே நின்றது. கோயில் கொடைக்கு ஊருக்குப் போய், முடியிறக்கத் திருச்செந்தூர் சென்று, கடலில் ஒரு பகல் முழுதும் குளித்துக் களித்த குடும்பத்தின் பயணம் எந்தக் கட்டத்தில் விழும்? சமூகம் அல்லது சமயம். ஓய்வு என்ற கட்டத்தில் விழாது. ஓய்வை ஓய்வென்று சொல்லிக் கேட்க முடியாதவர்கள் அதைக் கடமையின் பெயரால் எடுத்துக்கொள்கிறார்கள். ஊருக்குப் போகவேண்டும் என்றால் பட்டறை முதலாளி முணுமுணுத்தேனும் அனுப்புவார். கடற்கரையில் சும்மா இருக்கப் போகிறேன் என்று எவரும் கேட்கத் துணிவதில்லை. பிறகு நாம் புள்ளிவிவரத்தைப் பார்த்து, ஏழைகளுக்கு ஓய்வுப் பயணத்தில் நாட்டமில்லை என்று முடிவு கட்டுகிறோம்.

ஊருக்குப் போவதே சிறந்த ஓய்வு, விடுதிக் கலாசாரம் நமக்கு எதற்கு என்ற மறுப்பு எழக்கூடும். அம்மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. உறவும் ஊரும் எளிதில் விட்டுவிடத்தக்கவை அல்ல. ஆனால் ஊர்ப்பயணம் வீட்டுப் பெண்களுக்கு ஓய்வுதானா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். ஒன்றரை நாளுக்கும் மேலான இரயில் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டுவதில் தொடங்கி, மாமியார் வீட்டு அடுக்களையில் விருந்தினருக்குச் சமைப்பது வரை அவர்களது வேலை இடம் மாறுகிறதே தவிர நிற்பதில்லை. கடற்கரையில் அடுக்களை இல்லை. அங்கே ஒரு பெண் கால்நீட்டி உட்கார்ந்தால் ஏனென்று யாரும் கேட்பதில்லை. ஒரு பகலுக்கு அவர்கள் அதைச் சுவைத்திருக்கிறார்கள்; ஒரு வாரத்துக்கு ஏன் கூடாது?

வழி இல்லாமல் இல்லை. 1969 ஆம் ஆண்டின் மாத்தாடித் தொழிலாளர் சட்டம் இம்மாநிலத்திலேயே உள்ளது. நிலையான முதலாளி இல்லாத சுமைதூக்குவோருக்காக வாரியம் அமைத்து, வேலை கொடுப்போரிடம் கூலியோடு ஒரு தீர்வையும் பெற்று, அதிலிருந்து ஊதிய விடுப்பு உள்ளிட்ட நலன்களை வழங்கும் முறை அது. தாராவியின் சிறு பட்டறைகளுக்கும் இம்முறையை ஏன் விரிவுபடுத்தக் கூடாது? தாராவிப் பட்டறைகளில் உருவாகும் பொருள்கள் பெருவணிகர்கள் வழியாகவே சந்தைக்குப் போகின்றன. தீர்வையை அவர்களிடமிருந்து பெறலாம். சுயதொழில் செய்வோருக்கு இது போதாது. அவர்களுக்கு நகரின் கடற்கரைகளில் நிழலும் குடிநீரும் தூய்மையான கழிப்பறையும் குறைந்தபட்சத் தேவை. தாராவியின் ஓரத்தில் மாகிம் கழிமுகம் இருக்கிறது, அதற்கப்பால் அரபிக்கடல். மறுசீரமைப்பு விவாதங்களில் வீட்டின் சதுர அடியைப் பற்றி ஓயாது பேசுகிறோம். அவ்வீட்டில் வாழ்வோரின் ஓய்வைப் பற்றியும் பேசவேண்டும்.

நமது அரசமைப்புச் சட்டத்தின் 43 ஆம் உறுப்பு, தொழிலாளர் அனைவரும் ஓய்வை முழுமையாகத் துய்க்கும் நிலையை உருவாக்க அரசு முயலவேண்டும் என்கிறது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்துத் தொழிலாளர் மட்டும் என்று அது சொல்லவில்லை. மும்பைத் தமிழர்களிடையே களப்பணி செய்யும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வினாநிரலில் வருமானம், வாடகை, கடன் ஆகியவற்றோடு இன்னொரு வினாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூலி இழக்காமல் ஏழு நாள் தொடர்ந்து ஓய்ந்திருந்தது கடைசியாக எப்போது? கணவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாமல், மனைவியிடமும் தனியே கேளுங்கள். அவ்விடைகள் குவிந்தால் விவாதத்துக்குச் சான்று கிடைக்கும். மாற்றுக் கருத்துடையோரும் எழுதுங்கள்.