இலவசமாகக் கொடுத்தும் எடுக்க ஆளில்லை!

பத்து லட்சம் சரக்கை இலவசமாகத் தருகிறேன் என்கிறான் ஒருவன். எதிரே இருப்பவரோ, “1 லட்சத்து 60 ஆயிரம் போதும், மீதி வேண்டாம்” என்கிறார். இப்படியும் நடக்குமா? நடந்தது! கொடுக்க வந்தது ஏ.எம்.டி. எடுக்க அஞ்சியது கணினி செய்து விற்கும் எச்.பி. அஞ்ச வைத்தது இன்டெல். சரக்கு, கணினியின் மூளையான சில்லு. அந்நாளில் அவ்வகைச் சில்லுச் சந்தையில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் இன்டெல்லின் பிடியில் இருந்தது.

ஏன் அஞ்ச வேண்டும்? தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மூட்டை 1000 ரூபாய். “நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்னிடம் எடு, மூட்டைக்கு 150 தள்ளுபடி; தவறினால் ஒரு பைசா தள்ளுபடி இல்லை” என்கிறார் மொத்த வியாபாரி. நூறும் அவரிடமே எடுத்தால் 85,000 ரூபாய். இன்னொருவர் பத்து மூட்டையைச் சும்மாவே கொடுத்தாலும், மீதித் தொண்ணூறுக்கு 90,000 ரூபாய்! இலவசம் எடுத்தவருக்கு 5,000 ரூபாய் நட்டம். தள்ளுபடி என்ற இனிப்புக்குள் இருக்கும் சுருக்குக் கயிறு இதுதான்.

எச்.பி.யின் அலுவலகக் கணினிகளில் 95 சதவீதம் தன் சில்லாகவே இருக்க வேண்டும் என்று இன்டெல் நிபந்தனை வைத்தது என்றது ஐரோப்பியக் கமிஷன். போட்டிச் சில்லு பொருத்திய கணினிகளைத் தாமதப்படுத்த எச்.பி., ஏசர், லெனோவோ மூன்றுக்கும் பணம் போனது என்றும் கண்டது. 2009 மே 13இல் விதித்த அபராதம் 106 கோடி யூரோ. அதே ஆண்டு ஏ.எம்.டி.க்கு 125 கோடி டாலர் கொடுத்து இன்டெல் சமரசம் செய்துகொண்டது. கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது?

ஒன்றை மறைக்கலாகாது. தள்ளுபடியால் போட்டி நசுங்கியதைக் கமிஷன் சரிவர நிரூபிக்கவில்லை என்று 2022இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அபராதத்தை ரத்து செய்தது. 2024இல் மேல்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தாமதப்படுத்தப் பணம் கொடுத்த குற்றம் மட்டும் நின்றது. அதற்கு 2023இல் 37.6 கோடி யூரோ அபராதம். பதினான்கு ஆண்டுகள்! அதற்குள் அந்தக் கணினிகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

நம் நாட்டில் 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டம் போய், 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் வந்தது. வெளிநாட்டில் வாங்கி இங்கே கொண்டுவரும் சில்லுக்கு இந்தியாவில் உத்தரவாதம் மறுத்தது பற்றி, வியாபாரி ஒருவரின் புகாரின் பேரில், இன்டெல் மீது விசாரிக்க இந்தியப் போட்டிக் கமிஷன் 2019இல் உத்தரவிட்டது.

அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவை நம் குடும்பங்கள் அறிய வேண்டும். வியாபாரி மட்டுமல்ல, வாங்குவோரும் வாங்குவோரின் சங்கமும் புகார் கொடுக்கலாம். பிள்ளையின் படிப்புக்காகத் தவணையில் கணினி வாங்கிய அங்கத்தினர்கள், உத்தரவாதம் மறுக்கப்பட்டிருந்தால் ரசீதோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். அடுத்த செயற்குழுவில் அதை எடுத்துக்கொள்வோம்.