தபாலா, நேரிலா?
இங்கிலாந்தில் நிரந்தரமாகத் தங்க மனுப் போடுகிறவர்கள் படும் பாடு

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்களும் ஏராளம். உத்தியோக விசாவில் போனவர், ஐந்து வருஷம் அங்கே ஒழுங்காக உழைத்த பிறகு, "இனி நான் இங்கேயே நிரந்தரமாகத் தங்கலாமா?" என்று சர்க்காரைக் கேட்க வேண்டும். அந்த மனுவை எப்படிக் கொடுப்பது?

2018-ம் ஆண்டு வரையில் இரண்டு வழிகள் இருந்தன. தபாலில் அனுப்பலாம். அல்லது நேரில் போகலாம்.

கேட்பதற்குச் சாதாரண விஷயம்தான். ஆனால் ஒரு குடும்பத்தின் ஆறு மாத நிம்மதி இதில் அடங்கியிருந்தது.

உறைக்குள் போன பாஸ்போர்ட்

தபாலில் அனுப்புகிறவர் மனுவை மட்டும் அனுப்பினால் போதாது. அசல் பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, பாங்குக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்நாட்டு வாழ்க்கையைப் பற்றி ஒரு பரீட்சையும் உண்டு. 24 கேள்விகளில் 18-க்குச் சரியான பதில் சொன்னவருக்கே தேர்ச்சி. அந்தச் சான்றும் வேண்டும்.

பதில் வர ஆறு மாதம் வரை ஆகும். அதுவரை பாஸ்போர்ட் கையில் இல்லை.

ஊரில் தாயாருக்கு உடம்பு மோசம் என்று செய்தி வருகிறது. என்ன செய்வது? பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்கலாம், கொடுப்பார்கள். ஆனால் பிரயாணத்துக்கென்று வாங்கினால், மனு வாபஸ் ஆனதாக எழுதிவிடுவார்கள்! தாயைப் பார்ப்பதா, மனுவைக் காப்பதா?

சரி, காத்திருக்கும்போதே விசா காலம் முடிந்துவிட்டால்? அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. காலம் முடியுமுன் மனுப் போட்டவருக்கு, முடிவு தெரியும் வரை பழைய உரிமை தொடரும். தபாலில் சேர்த்த தேதிதான் மனுக் கொடுத்த தேதி. ஆகையால், கடைசி நாளில் அனுப்பியவருக்குத் தபாலாபீஸ் ரசீது தங்கத்துக்குச் சமானம்.

சந்திர மாளிகை

லண்டனின் தென்பகுதியில் குராய்டன் என்ற ஊர். அங்கே 'லூனார் ஹவுஸ்' என்று 20 மாடிக் கட்டிடம் ஒன்று இருக்கிறது. மனிதன் சந்திரனில் கால் வைத்த காலத்தில் கட்டியது. அதனால்தான் சந்திரனின் பெயர். குடியேற்ற இலாகாவுக்குப் பெயர் வைத்தவர் வேடிக்கைக்காரர்தான்!

முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டு இங்கே போனால், விவகாரத்தில் சிக்கல் இல்லாதவருக்கு அன்றே முடிவு தெரிந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை. 2018-ல் மனுக் கட்டணம் ஒருவருக்கு 2,389 பவுன். நேரில் போய் அன்றே முடிவு வாங்க மேற்கொண்டு 610 பவுன். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால், அவசரத்துக்கு மட்டும் 2,440 பவுன்!

பணம் உள்ளவருக்கு ஒரு நாள். இல்லாதவருக்கு ஆறு மாதம். சட்டம் ஒன்றுதான், கேள்விகளும் ஒன்றுதான். ரயில் வண்டியில் முதல் வகுப்பு இருக்கட்டும். சர்க்கார் தரும் உரிமையில் அது எதற்கு?

இப்போது எப்படி?

2018 நவம்பரில் முறை மாறியது. மனுவை இணையத்தில் போட வேண்டும். கைரேகையும் படமும் கொடுக்கத்தான் நேரில் போவது. அந்த வேலையைத் தனியார் கம்பெனியிடம் விட்டார்கள். பாஸ்போர்ட்டை நகல் எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இது நல்ல மாறுதல். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாஸ்போர்ட்தான் கையில் இருக்கிறதே என்று, முடிவு வருமுன் ஊருக்கு விமானம் ஏறினால், மனு போயிற்று! மகன் போனில், "மனுப் போட்டிருக்கிறேன், இப்போது வர முடியாது" என்று சொன்னால், சாக்குச் சொல்கிறான் என்று பெற்றோர் எண்ண வேண்டாம்.

முதல் வகுப்பும் ஒழிந்துவிடவில்லை. 2025 ஏப்ரலில் கட்டணம் 3,029 பவுனாக உயர்ந்தது. கைரேகை கொடுத்த மறுநாளே முடிவு வேண்டுமென்றால் மேலும் 1,000 பவுன்.

அதே ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஐந்து வருஷக் காத்திருப்பைப் பொதுவாகப் பத்து வருஷமாக்கலாம் என்பது அதில் கண்ட யோசனை. நாலு வருஷத்தை முடித்துவிட்டு, மனுவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர்களும் அதைப் படித்தார்கள்.