பழையகோட்டைப் பண்ணையம்: வீட்டை மட்டும் காப்பாற்றினால் போதாது

காங்கேயம் வட்டாரத்தின் பழைய பண்ணைவீடுகளை, அதிலும் பழையகோட்டைப் பட்டக்காரர் (பரம்பரைத் தலைவர்) பண்ணையத்தை, மரபுச் சின்னமாக அறிவிக்க வேண்டுமா? வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. ஆனால் அந்த அறிவிப்பு வீட்டுச் சுவரோடு நின்றுவிடுமானால் அதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். தொட்டிக்கட்டு வீடும் அதன் ஆசாரம் என்னும் கூடமும் மட்டும் பண்ணையம் ஆகிவிடாது. மாடு கட்டும் கட்டுத்தாரை, களம், மாடு பூட்டி நீரிறைக்கும் கவலைக் கிணறு, அதற்கப்பால் விரிந்து கிடக்கும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் எல்லாம் சேர்ந்துதான் பண்ணையம்.

பழையகோட்டையை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் காங்கேயம் மாட்டினம் இன்று நாம் பார்க்கும் தரத்துக்கு வந்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் பங்கைக் கால்நடை நூல்கள் தனியாகக் குறிப்பிடுகின்றன. 1936ல் லிட்டில்வுட் தென்னிந்தியக் கால்நடைகள் பற்றி எழுதிய நூலிலும், உலக உணவு வேளாண்மை நிறுவனம் 1953ல் வெளியிட்ட இந்திய, பாகிஸ்தான் மாட்டினங்கள் பற்றிய நூலிலும் காங்கேயத்துக்கு இடம் உண்டு. ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், ஒரு குடியானவப் பண்ணையில் பொலிகாளையைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து நடந்த வேலை அது. கன்று செவலையாகப் பிறக்கும். ஆறு மாதத்தில் நிறம் மாறத் தொடங்கும். காளையானால் தலையும் கழுத்தும் திமிலும் கறுத்துவரும். 2017ல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்கள் கையில் வைத்திருந்த படங்களில் பல இந்தக் காளையுடையவைதான்.

அந்த மாட்டை வளர்த்தது தீவனக் கம்பெனி இல்லை, கொறங்காடு. மழை குறைந்த இந்த மேட்டு நிலத்தில், சுற்றிலும் முள்ளுக்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, நடுநடுவே வெள்வேல மரங்களை நிறுத்திவைக்கிறார்கள். புல் மாட்டுக்கு, மரத்து நிழலும் மாட்டுக்கு, கோடையில் உதிரும் வேலங்காய் ஆட்டுக்கு. காட்டைத் துண்டு துண்டாகத் தடுத்து, ஒன்றில் மேயும்போது மற்றொன்றுக்கு ஓய்வு கொடுப்பார்கள். வேலி நன்றாக இருந்தால், காலையில் படலைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு ஆள் வேறு வேலைக்குப் போய்விடலாம். ஒரு தலைமுறை கவனிக்காமல் விட்டால் வேலி செத்துப்போகும், புல்லும் போய்விடும். அப்புறம் அந்தக் காட்டைத் திரும்ப உண்டாக்க எந்தத் திட்ட நிதியாலும் சுலபத்தில் முடியாது.

மாடு குறைந்த கதை ஊருக்கே தெரியும். 1932ல் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் வந்தது; மெல்ல மெல்லக் கவலை போய் மோட்டார் வந்தது. பின்னாலேயே டிராக்டர். உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன மாட்டைப் பால் கணக்கில் வைத்து எடைபோட்டால் கலப்பினத்தோடு அது போட்டிபோட முடியாது. 1990ல் 11 லட்சத்துக்கு மேல் இருந்த காங்கேயம் மாடுகள் 2000ல் 5 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. இப்போது பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை கூடுகிறது, குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை வேலை செய்கிறது. ஆர்வம் திரும்பியிருக்கிறது. மேய நிலந்தான் சுருங்கிக்கொண்டே போகிறது: பாகப்பிரிவினை, வீட்டுமனை சைட், தேங்காய்க் களம், காற்றாலை.

செட்டிநாட்டைப் பார்த்து நாம் பாடம் படிக்கலாம். அந்த ஊர்கள் 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. சில வீடுகள் ஓட்டலாகித் தப்பித்தன. அங்கே அது பொருந்தும், ஏனென்றால் அது வணிகர் வீடு. பணம் பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்தது. கொங்குப் பண்ணைவீடு சுற்றியுள்ள நிலத்தில் விளைந்ததைத் தின்று எழுந்தது. கொறங்காட்டை விற்றுவிட்டு ஆசாரத்தில் கல்யாணப் போட்டோ எடுக்க வாடகைக்கு விடுவதைப் பாதுகாப்பு என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பண்ணையம் என்றால் பண்ணையாளும்தான். வருஷக் கூலிக்கு நின்றவர்கள், ஆடு மாடு மேய்த்த சிறுவர்கள், கவலைச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்த அருந்ததியர் குடும்பங்கள் இல்லாமல் எந்தப் பட்டக்காரர் வீடும் நடந்ததில்லை. அவர்களில் பலர் அந்த ஆசாரத்துக்குள் கால் வைக்க முடிந்ததில்லை. மாட்டின் வம்சாவளியை எழுதிவைக்கும் அளவு அக்கறையோடு இவர்களின் வாய்மொழியையும் பதிவு செய்யாத அருங்காட்சியகம் எதற்கும் எங்கள் பெயரைத் தர மாட்டோம். பட்டக்காரர் புகழ் பாட மட்டும் ஒரு கட்டடம் தேவையில்லை.

சொத்து உரிமையைத் தொடக் கூடாது; பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்களிடமே இருக்கட்டும். சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் அறிவிப்பு வேண்டாம், ஏனென்றால் அரசு கைக்கு வந்து பூட்டிக்கிடக்கும் கட்டடங்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். தமிழ்நாடு மரபுச் சின்னங்களுக்கான ஆணையச் சட்டம் 2012லேயே இயற்றப்பட்டது. அதன் பார்வை நகரத்துக் கட்டடங்களைத் தாண்டித் திருப்பூர், ஈரோடு, கோவை மாவட்டங்களின் பண்ணைகளுக்கும் வர வேண்டும். கொறங்காட்டை மேய்ச்சலாகவே வைத்திருப்பவருக்கு ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் ஊக்கத்தொகை கொடுக்க வேண்டும். அது சைட் விலைக்கு ஈடாகாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் விற்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு பிடிமானம். வெளவாலடையும் கூரை ஓடுகளை மாற்றுவதற்கு முன்னால் வேலியை நேராக்கப் பணம் ஒதுக்குங்கள். வரும் எந்தத் திட்ட அறிக்கையிலும் நாங்கள் முதலில் தேடிப் பார்க்கப்போவது அந்த வரியைத்தான்.