வீதியில் நிற்கும் சிறுவரும் வருடத்துக்கு ஒருமுறை விழிக்கும் தர்மமும்

கொழும்பிலிருந்து பொலன்னறுவை ஊடாக மட்டக்களப்புக்கு வரும் பேரூந்துகள் ஓட்டமாவடியைக் கடந்தே செல்கின்றன. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகமும் புகையிரத நிலையமும் சந்தையும் அருகருகே அமைந்திருப்பதால் இப்பிரதேசத்தின் பிரதான வீதியில் சனநடமாட்டத்துக்குக் குறைவில்லை. இத்தகைய ஊர்களில், பாடசாலை நடைபெறும் வேளையில் கச்சான் பொதிகளுடனோ வெறுங்கையை நீட்டியவாறோ நிற்கும் சிறுவரை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சில்லறையைக் கொடுத்துவிட்டு, ஏதோ ஒரு கடமையை நிறைவேற்றிய திருப்தியுடன் கடந்து சென்றும் இருக்கிறோம்.

வீதிச் சிறுவர்களின் கல்விக்கும் பராமரிப்புக்கும் நிதி திரட்டும் முயற்சிகள் எங்கு தொடங்கப்பட்டாலும் அவற்றை வரவேற்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆயினும் திரட்டப்படும் பணம் எதற்குச் செலவிடப்படுகிறது, எவ்வளவு காலத்துக்குச் செலவிடப்படுகிறது என்ற வினாக்களை எழுப்புவது அவசியமாகும்.

வீதிச் சிறுவர் என்றதும் பெற்றோரும் வீடுமற்ற அநாதையின் தோற்றமே நம் மனக்கண்ணில் எழுகிறது. எமது பிரதேசங்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் பொருந்தாத தோற்றமாகும். இங்கு வீதியில் நிற்கும் சிறுவனுக்கு அநேகமாக ஒரு வீடு உண்டு. தாய் மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருக்கலாம். தந்தை கடலுக்குச் செல்ல இயலாத நோயாளியாக இருக்கலாம். பகலில் வீதியிலும் இரவில் வீட்டிலும் வாழும் பிள்ளை அவன். ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் குழு 2017இல் வெளியிட்ட 21ஆவது பொதுக் கருத்துரையும், வீதியில் வசிக்கும் பிள்ளைகளை மட்டுமன்றி, வீதியோடு பிணைந்த வாழ்வைக் கொண்ட எல்லாப் பிள்ளைகளையும் கருத்திற்கொண்டே இப்பிரச்சினையை அணுகுகிறது.

சட்டங்களுக்கு நாட்டில் பஞ்சமில்லை. 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. 1980இல் பாடநூல்களும் 1993இல் சீருடைகளும் இலவசமாக்கப்பட்டன. 1998 முதல் ஐந்து தொடக்கம் பதினான்கு வயது வரையிலான கல்வி கட்டாயமாக்கப்பட்டு, 2016இல் அவ்வெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயதும் 2021இல் பதினாறாக உயர்ந்தது. பிள்ளைகளைப் பிச்சையெடுக்க வைப்பது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றமாகும். இவ்வளவும் இருந்தும் பிள்ளை ஏன் வீதியில் நிற்கிறது?

விடை அடுப்படியில் இருக்கிறது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, 2021இல் சுமார் 13 சதவீதமாக இருந்த இலங்கையின் வறுமை, பொருளாதார நெருக்கடி வெடித்த 2022இல் 25 சதவீதமாகியது. ஒரே ஆண்டில் வறியோர் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகியது. பாடநூல் இலவசம், ஆனால் அப்பியாசக் கொப்பி இலவசமன்று. சீருடை இலவசம், சப்பாத்தும் பேரூந்துக் கட்டணமும் அவ்வாறன்று. இவற்றுக்கும் மேலாக, பிள்ளை நாளாந்தம் வீட்டுக்குக் கொண்டுவரும் சில நூறு ரூபாய்கள் அன்றைய இரவு உணவாக இருக்கும்போது, பாடசாலைக்கு அனுப்புவது அக்குடும்பத்துக்கு ஒரு வருமான இழப்பாகவே தோன்றுகிறது. அஸ்வெசும பெறும் குடும்பங்களின் மாணவர்களுக்கு 2025ஆம் கல்வியாண்டுக்கென அரசாங்கம் அறிவித்த 6,000 ரூபாய் கொடுப்பனவு ஆறுதலளிப்பதே. ஆனால் தவணையின் ஆரம்பத்தில் கிடைக்கும் ஒரு தொகை, ஆண்டு முழுவதும் தொடரும் பசிக்கு ஈடாகாது.

தர்ம முயற்சிகளிலும் இதே குறைபாடு காணப்படுகிறது. ஜனவரியில் புத்தகப் பைகள் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. மேடையில் பிள்ளைகள் வரிசையாக நிறுத்தப்பட்டுப் புகைப்படம் எடுக்கப்படுகிறது. நோன்பு காலத்தில் உலருணவுப் பொதிகள் வழங்கப்படுகின்றன. ஏனைய மாதங்களில் அப்பிள்ளை வகுப்பறையில் இருக்கிறதா என்று கேட்பார் எவருமில்லை. முதலாம் தரத்திலிருந்து க.பொ.த. சாதாரண தரம் வரை பதினொரு ஆண்டுகள். ஒரு நாள் விழா அந்தப் பயணத்துக்குப் போதுமானதல்ல.

சுனாமியின் பின்னரான அனுபவத்தை கிழக்கு மாகாணம் மறந்துவிடக் கூடாது. 2004 டிசம்பருக்குப் பின்னர் உலகின் நாலாபுறமிருந்தும் நிதி குவிந்தது. தொண்டு நிறுவனங்களின் பெயர்ப் பலகைகள் வீதிக்கு வீதி எழுந்தன. நிதி வற்றியதும் அவை அகன்றன. பிள்ளைகள் மட்டும் இங்கேயே எஞ்சினர். அக்காலத்திலேயே சிறுவர் இல்லங்களை ஆராய்ந்த அறிக்கைகள், அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடிருப்பதைச் சுட்டிக்காட்டின. அவர்களை இல்லங்களில் சேர்த்தது மரணத்தைவிட வறுமையே. ஆகவே, புதிய கட்டடம் எழுப்புவதற்குத் திரட்டப்படும் நிதியின் ஒரு பகுதியையேனும் அப்பிள்ளையின் தாய்க்கு வழங்கினால், இல்லமே தேவைப்படாமற் போகக்கூடும்.

நீடித்த பணிக்கு முன்மாதிரி தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. 1996இல், யுத்தத்தின் நடுவே, அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை ஆரம்பித்தனர். யுத்தத்தால் மனம் காயப்பட்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் அங்கு மாதக்கணக்கில் ஒழுங்காக அழைத்துவரப்பட்டு, விளையாட்டிலும் கதையிலும் ஓவியத்திலும் ஒன்றாக ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுக்கு அங்கு கிடைத்த பெருங்கொடை, தம்மை மறக்காத பெரியவர்களின் தொடர்ச்சியான கவனமாகும்.

ஓட்டமாவடியும் வாழைச்சேனையும் ஒட்டியிருக்கும் ஊர்கள். முஸ்லிம்களும் தமிழர்களும் அயலவர்களாக வாழும் இப்பிரதேசம் 1985இலும் 1990இலும் பட்ட காயங்கள் இலகுவில் மறக்கக்கூடியவையல்ல. எனினும் வீதியில் நிற்கும் பிள்ளையின் பசிக்கு இனமில்லை. ஸகாத் நிதி எவருக்குரியது என்பதை உலமாக்கள் தீர்மானிக்கட்டும். ஸதகாவுக்கு அத்தகைய எல்லை இல்லை. பள்ளிவாசல், கோவில், தேவாலய நிர்வாகங்களும் வர்த்தகர்களும் வெளிநாடுகளில் தொழில்புரியும் ஊரவர்களும் இணைந்து ஒரு பொது நிதியத்தை உருவாக்க இயலாதா?

அத்தகைய நிதியம் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும். உதவி மாதந்தோறும் குடும்பத்தைச் சென்றடைய வேண்டும். பிள்ளையின் பாடசாலை வரவு அதற்கு நிபந்தனையாக இருக்கட்டும். இடைவிலகிய பிள்ளையை நேராக வகுப்பில் அமர்த்தினால், வாசிக்கத் தெரியாத வெட்கத்தால் அது மீண்டும் வீதிக்கே ஓடும் என்பதால், மாலை நேரப் பரிகார வகுப்புகள் தேவை. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு உத்தியோகத்தர்களுக்குத் தெரியாமல் எந்தப் பிள்ளையும் இல்லங்களுக்கு அனுப்பப்படலாகாது. கணக்குகள் ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நன்கொடை திரட்டுவதற்காகப் பிள்ளைகளின் முகங்களைப் படம்பிடித்துக் காட்டும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். இன்று ஏழையாகப் படம்பிடிக்கப்படும் சிறுவன் நாளை அதே ஊரில் தலைநிமிர்ந்து வாழவேண்டியவன்.

தர்மம் இருக்கிறதே என்று அரசு கைகழுவிவிடவும் கூடாது. கட்டாயக் கல்விச் சட்டத்தை அமுல்படுத்துவது அதிகாரிகளின் பொறுப்பு. பெற்றோரைத் தண்டிப்பதற்கு முன்னர், அஸ்வெசும பட்டியலிலிருந்து அக்குடும்பம் ஏன் விடுபட்டது என்று விசாரிப்பதே நியாயமாகும்.

2021 மார்ச்சில், கொவிட் தொற்றினால் மரணித்தோரை அடக்கம் செய்ய நாட்டில் இடம் தேடப்பட்டபோது, ஓட்டமாவடி மஜ்மா நகர் அதற்கு இடமளித்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட 3,000க்கும் மேற்பட்ட சடலங்கள் அம்மண்ணில் நல்லடக்கம் செய்யப்பட்டன. முன்பின் அறியாத மரணித்தோருக்கு மண் கொடுத்த ஊர், தன் வீதியில் நிற்கும் உயிருள்ள பிள்ளைக்கு வகுப்பறையில் ஓர் இடத்தைக் கொடுக்கத் தயங்காது என்றே நாம் நம்புகிறோம்.