குடிலுக்கு எவ்வளவு ஒளி வேண்டும்?



திருவருகைக் காலம் தொடங்கியவுடன் பங்குத்தந்தையின் அறை வாயிலில் கேள்விகளும் தொடங்கிவிடுகின்றன. குடில் போட்டிக்கு என்று பெயர் கொடுக்க வேண்டும்? முதற்பரிசு என்ன? சென்ற ஆண்டு வந்த நடுவர்களே இவ்வாண்டும் வருவார்களா? இவற்றுக்கெல்லாம் விடை கூறிப் பழகிவிட்ட நமக்கு, சென்ற கிழமை ஒரு தாய் கேட்ட கேள்விக்கு மட்டும் நேரிய விடை கூற இயலவில்லை.

"சுவாமி, இந்த வருடம் பெரிய சீரியல் விளக்கு வாங்க வழியில்லை. பேட்டரியில் எரியும் சின்னச் சரம் ஒன்றுதான் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதை வைத்துக் குடில் கட்டினால், பார்க்க வருகிறவர்கள் இளக்காரமாக நினைப்பார்களோ?" என்றார் அவர்.

"அப்படி யாரும் நினைக்கமாட்டார்கள், அம்மா" என்று கூறி அனுப்பிவிட்டோம். ஆயினும் அன்றிரவு போட்டியின் மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தபோது நம் முகம் வாடியது. 'விளக்கு அலங்காரம் - 20 மதிப்பெண்' என்று ஒரு வரி அதில் இருந்தது. அதனை எழுதியவர் வேறு யாருமல்லர், நாமேதான். அத்தாயின் அச்சத்திற்கு நாமும் ஒரு காரணம் என்பதை உணர்ந்தோம். ஆதலால் இத்திங்கள் அந்தச் சின்னஞ்சிறு விளக்கைப் பற்றியே உங்களோடு பேச விழைகிறோம்.

1223-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித அசிசி பிரான்சிஸ் கிறிஸ்து பிறப்பு இரவை நினைவுகூர்ந்தார். தீவனத் தொட்டியில் வைக்கோலை இட்டு, எருதையும் கழுதையையும் அருகில் நிறுத்தச் செய்தார். ஊரார் தத்தம் கைகளில் மெழுகுதிரிகளையும் தீவட்டிகளையும் ஏந்தி வந்தனர். அவர்கள் கொணர்ந்த ஒளி தொட்டியைக் காண்பதற்கு உதவியது. பல நூற்றாண்டுகள் கழித்து, 1882-ஆம் ஆண்டில், எடிசனோடு பணிபுரிந்த எட்வர்டு ஜான்சன் என்பவர் நியூயார்க் நகரில் தம் இல்லத்துக் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 மின்விளக்குகளைக் கோத்து ஒளிரச் செய்தார். அம்மரம் ஊரார் வியந்து பார்க்கும் காட்சியாயிற்று. அன்று முதல், விளக்கைக் கொண்டு பார்ப்பது என்பதோடு, விளக்கையே பார்ப்பது என்பதும் நம் விழாக்களில் சேர்ந்துகொண்டது. அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் தொட்டில் மறையும் அளவுக்கு விளக்கு மிகுமானால், வந்தவர் எதைக் கண்டு திரும்புகிறார் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிற்க. நம் சிறுவயதில் நடந்த ஒன்றைக் கூறுகிறோம். எம் இல்லத்துக் குடில் வைக்கோலாலும் பழுப்புத் தாளாலும் ஆனது. கேழ்வரகு முளைக்க வைத்த சிரட்டைகளே அதற்கு வயல்வெளி. ஒளிக்கு இரண்டு மெழுகுதிரிகள். ஓர் இரவு திரி ஒன்று சாய்ந்தது. தந்தையார் குடத்து நீரைக் கொட்டி அணைப்பதற்குள் குடில் முழுவதும் எரிந்து, கூரை ஓலையிலும் தீ பற்றத் தொடங்கியிருந்தது. எவருக்கும் காயமில்லை. மண்ணால் ஆன பாலன் சுரூபத்தின் ஒரு பக்கம் மட்டும் கருகிப்போயிற்று. "புதிதாக வாங்கலாம்" என்றார் தந்தையார். "வேண்டாம். நம்முடைய கவனக்குறைவு நமக்கு நினைவில் இருக்கட்டும்" என்றார் தாயார். அச்சுரூபம் இன்றும் நம்மிடம் உள்ளது.

மெழுகுதிரிக்குப் பின் எம் இல்லத்திற்கு மின்சாரச் சீரியல் விளக்கு வந்தது. ஆனால் நம் ஊர்களில் மார்கழிப் பிறப்பை ஒட்டிய நாட்கள் மழைக்காலத்தின் கடைசி நாட்கள் அல்லவா? முற்றத்து முருங்கையில் தொங்கிய நட்சத்திர விளக்கின் ஈரக் கம்பியைத் தொட்ட அண்ணனை 230 வோல்ட் மின்சாரம் உதறித் தள்ளியது. இறைவன் காத்தார். இத்தகைய நிகழ்ச்சிகளில் பிழைக்காதவர்களும் உண்டு என்பதைப் பங்குத்தந்தையாகிய நாம் அறிவோம்.

இவற்றோடு ஒப்பிட்டால் பேட்டரிச் சரத்தின் அருமை விளங்கும். பழைய பல்புக்குள் ஓர் இழை சூடேறித் தகித்தே ஒளி தந்தது. இச்சரத்தில் உள்ள எல்.இ.டி. விளக்கில் அத்தகைய இழை கிடையாது. ஆகையால் வைக்கோலைப் பற்றவைக்கும் வெப்பமும் எழுவதில்லை. வெண்ணிற எல்.இ.டி. விளக்கு உருவாக வழிசெய்த நீல ஒளி டையோடைக் கண்டமைக்காக ஈசாமு அகாசாகி, ஈரோசி அமானோ, சூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அறிஞர் உலகம் போற்றிய அந்த விளக்குத்தான் இன்று சிறு விலைக்கு நம் குடிலுக்கு வருகிறது. இரண்டு பென்சில் பேட்டரிகள் சேர்ந்து தருவது 3 வோல்ட் மட்டுமே. அது ஆளைத் தாக்காது, மின்தடையிலும் எரியும்.

இனி, அதனை அமைக்கும் முறையைக் காண்போம். பேட்டரிப் பெட்டியைக் குடிலின் பின்புறம், கை எட்டும் இடத்தில் மறைத்து வையுங்கள். சரத்தைக் குடிலின் முகப்பில் சுற்றாமல், கூரையின் உட்புறமாகக் கொண்டுவந்து, தொட்டிலுக்கு மேலே நான்கைந்து விளக்குகள் வருமாறு வைக்கோலுக்குள் செருகுங்கள். ஒளி மேலிருந்து பாலன் மீது விழும். விளக்கு கண்ணில் குத்தாது. மினுக்கும் ஒளியைவிட நிலையான இளமஞ்சள் ஒளி குடிலுக்குப் பொருந்தும். மீந்த பகுதியைக் கண்ணாடிக் குப்பி ஒன்றினுள் இட்டு இடையர்களின் பக்கத்தில் வைத்தால், அவர்கள் குளிர்காயும் தீ போலவே தோன்றும்.

புதிய பேட்டரியோடு பழையதைச் சேர்க்காதீர்கள். பழையது கசிந்து பெட்டியையே அரித்துவிடும். அறுந்த சரத்தை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் பேட்டரியே சூடேறும். மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும்போது பேட்டரிகளைக் கழற்றிய பின்னரே சரத்தை எடுத்து வையுங்கள். தீர்ந்த பேட்டரிகளை வீட்டுக் குப்பையோடு கலவாமல் தனியே ஒப்படைக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன. அதற்கெனக் கோயில் முகப்பில் ஒரு பெட்டி வைத்துள்ளோம்.

பெற்றோரே, பின்வருவதைச் சற்று நிறுத்திப் படியுங்கள். சில சரங்களில் பென்சில் பேட்டரிக்குப் பதிலாகக் காசு போன்ற பொத்தான் பேட்டரி இருக்கும். தவழும் குழந்தை அதை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளக் கூடும். அது உணவுக்குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து, கடுங்காரம் உண்டாகித் தசையை அரிக்கத் தொடங்கும். இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே பெருங்கேடு விளையலாம், உயிரே போகலாம். விளக்கை எரிக்கும் வலுவை இழந்த பேட்டரியும் இத்தீங்கைச் செய்ய வல்லது. எச்சில் வடிதல், உணவை மறுத்தல், இருமல் ஆகியவை தோன்றலாம். ஒன்றுமே தோன்றாமலும் இருக்கலாம். ஐயம் ஏற்பட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள். எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே எடுத்துச் செல்லுங்கள். சிறு குழந்தை உள்ள வீட்டில் பொத்தான் பேட்டரிச் சரமே வேண்டாம். பென்சில் பேட்டரி இடும் சரத்திலும், மூடி திருகாணியால் முடுக்கப்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு குழந்தையின் பிறப்பைக் கொண்டாடும் வீட்டில் மற்றொரு குழந்தைக்குத் தீங்கு நேரலாகாது.

இறுதியாக, நாம் கண்ட ஒரு குடிலைப் பற்றிக் கூறி முடிக்கிறோம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. பெருவிழாவுக்கு முன்னாள், நம் பங்கு மக்கள் திரட்டித் தந்த அரிசியோடும் போர்வைகளோடும் அப்பகுதியின் ஊர் ஒன்றுக்குச் சென்றோம். அங்கு மின்சாரம் இன்னும் திரும்பவில்லை. சுவர்களில் மார்பளவுக்குச் சேற்றுக் கோடு தெரிந்தது. அந்தி மயங்கும் வேளையில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் சிறிது வெளிச்சம். உள்ளே சென்றோம். கவிழ்த்த பனையோலைப் பெட்டி ஒன்றின் மேல் பாலன் சுரூபம். அதைச் சுற்றி ஒரு பேட்டரிச் சரம். மரியன்னையும் சூசையப்பரும் வெள்ளத்தோடு போய்விட்டனராம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அவ்வொளியில் அமர்ந்திருந்தனர்.

"ஊரே இருட்டாய்க் கிடக்கு, சாமி. பாலன் மட்டுமாவது வெளிச்சத்தில் இருக்கட்டும் என்று போட்டேன். பிள்ளைகள் தானாக வந்துவிட்டன" என்றார் அவ்வீட்டு மூதாட்டி. கட்டை தீர்ந்துவிடக் கூடாதென்று பகலெல்லாம் அணைத்து வைத்து, இருட்டிய பிறகே ஏற்றுவாராம். நம் மதிப்பெண் தாளின்படி அக்குடிலுக்கு விளக்கு அலங்காரத்தில் 2 மதிப்பெண்கூடக் கிடைத்திராது. அன்று அதை எண்ணிப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. ஒரு தாய் வந்து கேட்ட பிறகே தோன்றிற்று.

ஆகவே அந்த வரியை அடித்துவிட்டோம். "அந்த 20 மதிப்பெண்ணை எதற்கு வழங்குவது?" என்று இளைஞர் மன்றத்தார் கேட்டனர். நடுவர்கள் வரும்போது அவ்வீட்டின் சிறு பிள்ளை, குடிலில் இருப்போர் யார், ஏன் அங்கு வந்தனர் என்பதைத் தன் சொற்களில் கூறட்டும். அதற்கு வழங்குங்கள் என்றோம். பெரிய விளக்குகள் உள்ள வீட்டார் அவற்றை ஏற்றலாம், தடையில்லை. அவ்வெளிச்சம் பக்கத்து வீட்டாரை நாணச் செய்யாமல் இருந்தால் போதும்.

அத்தாயிடமும் இதனைத் தெரிவித்தோம். போட்டிக்குப் பெயர் கொடுத்துச் சென்றுள்ளார். அவர் வீட்டு வாசலில் நடுவர்களோடு நாமும் நிற்போம். நம் கையில் அந்தக் கருகிய பாலன் சுரூபம் இருக்கும். அது எவ்வாறு கருகியது என்று அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் இல்லங்கள் அனைத்திலும் பாலன் இயேசுவின் அமைதி தங்குவதாக.