செந்நிற மருந்தும் இருதயமும்

ஒரு வீட்டில் யாருக்கேனும் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், உற்றார் உறவினர் வெறுங்கையோடு வருவதில்லை. பழம் கொண்டு வருவார்கள். அதனுடன் வைட்டமின் மாத்திரைகளும் கொண்டு வருவார்கள். "மருந்தின் வேகத்தை இது தணிக்கும், இருதயத்தைக் காக்கும்" என்பார்கள். அன்பினால் சொல்லும் இந்த யோசனையில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

டாக்ஸோருபிசின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் தென்கிழக்கே காஸ்டெல் டெல் மாண்டே என்ற பழைய கோட்டைக்கு அருகில் எடுத்த மண்ணில், 1950-களில் ஒரு நுண்ணுயிர் அகப்பட்டது. அது மாணிக்கம் போல் சிவந்த ஒரு பொருளைச் சுரந்தது. அதே உயிரின் மாறுபட்ட வகை ஒன்றிலிருந்து பின்னர் கிடைத்ததே டாக்ஸோருபிசின். ஏட்ரியாடிக் கடலின் பெயரைத் தழுவி அதற்கு ஏட்ரியாமைசின் என்றும் பெயரிட்டார்கள். 1974-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, மார்பகப் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய் முதலியவற்றில் எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது.

ஆனால் நோயிலிருந்து மீண்டவர்களில் சிலருக்குச் சில மாதங்களிலோ, பல வருஷங்கள் கழித்தோ மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, இருதயம் தளர்ந்துவிடுகிறது. உடலில் சேரும் மருந்தின் மொத்த அளவு ஏற ஏற அபாயமும் ஏறுகிறது. 2003-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றின் மதிப்பீட்டின்படி, உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 5 பேரும், 550 சேர்ந்தவர்களில் 26 பேரும், 700 சேர்ந்தவர்களில் 48 பேரும் இவ்வித இருதயத் தளர்ச்சிக்கு உள்ளாகிறார்கள்.

இதற்குக் காரணம் என்ன? இம்மருந்து உடலிலுள்ள இரும்புடன் கூடி, பிராணவாயுவைக் கட்டுக்கடங்காத உருவங்களாக மாற்றுகிறது. அவை அணுக்களின் சுவர்களை அரிக்கின்றன. அவற்றை அடக்கும் காவற்பொருள்கள் இருதயத்தில் மற்ற உறுப்புகளைவிடக் குறைவு. ஆகையால் ஆன்டி ஆக்ஸிடென்ட் எனப்படும் காவற்பொருளை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1977-ல் எலிகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்ததில் அவற்றின் இருதயம் தப்பியது. விஞ்ஞானிகள் பெரிதும் நம்பிக்கை கொண்டார்கள். ஆனால், மனிதர்களிடம் வைட்டமின் ஈயையும் அஸிடைல் சிஸ்டீனையும் சோதித்தபோது அந்த நம்பிக்கை பலிக்கவில்லை.

பலித்தது வேறொன்று. டெக்ஸ்ராஸாக்ஸேன் என்ற மருந்தை, டாக்ஸோருபிசினுக்குச் சற்று முன்னதாக நரம்பில் செலுத்தினால் இருதயத்துக்கு நேரும் கேடு குறைகிறது. 1995-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. இரும்பைப் பற்றி அகற்றுவதால்தான் இது காக்கிறது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2012-ல் இன்னொரு காரணமும் வெளிப்பட்டது. இருதய அணுக்களில் டோபோஐஸோமரேஸ் இரண்டு-பீட்டா என்ற நொதி இருக்கிறது. டாக்ஸோருபிசின் அதைப் பற்றிக்கொண்டு மரபிழையைச் சிதைக்கிறது. அந்த நொதி இருதயத்தில் இல்லாதபடி செய்த எலிகள் பெரும்பாலும் தப்பின. டெக்ஸ்ராஸாக்ஸேன் இந்த நொதியையும் கட்டுப்படுத்துகிறது. ஆகவே பிராணவாயுவின் கொடுமை கதையில் ஒரு பாகமே; முழுக் கதையும் அதுவன்று. எலிக்கு உதவிய வைட்டமின் மனிதருக்கு உதவாமற் போனதில் வியப்பில்லை.

எனவே, சிகிச்சை நடக்கும் காலத்தில் வைத்தியரைக் கேளாமல் இத்தகைய மாத்திரைகளைக் கொடுப்பது தகாது. அது மருந்தின் வேலைக்கே இடையூறாகலாம் என்ற ஐயமும் வைத்தியர்களுக்கு உண்டு. வழக்கமான உணவில் சேரும் காய்கனிகளைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை.

வீட்டார் செய்யக்கூடிய காரியங்கள் வேறு இருக்கின்றன. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் எக்கோ பரிசோதனையால் இருதயத்தின் வலிமையை அளந்தார்களா என்று கேளுங்கள். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்திருங்கள். எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு செலுத்தப்பட்டது என்று எழுதி வாங்கி, நிலப்பத்திரத்தைப் போல் பாதுகாத்து வையுங்கள். இருபது வருஷம் கழித்து நோயாளிக்கு மூச்சு வாங்கினால், அன்று பார்க்கும் வைத்தியருக்கு அந்தக் காகிதமே வழிகாட்டும்.