ஒரகடத்தில் ஷிப்டுக்குப் போகும் அம்மாக்கள்... 3 வயதுக் குழந்தையின் வகுப்பறையில் என்ன நடக்கணும்?

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், ரூ.706.50 கோடி செலவில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதியை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். அங்கே 18,720 பேர் தங்கலாம். ஊரை விட்டுத் தனியாக வேலைக்கு வரும் இளம்பெண்களுக்கு அது பெரிய பாதுகாப்பு.

ஆனால் இவர்களில் பலருக்கு நாளை கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும். விடுதியை விட்டு வாடகை வீட்டுக்கு மாறுவார்கள். அப்போது எழும் முதல் கேள்வி: "நான் ஷிப்டுக்குப் போயிட்டா, குழந்தையை யார் பார்த்துப்பாங்க?" அதற்கு அடுத்த கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பார்த்துக்கொள்ளும் அந்த இடத்தில் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது?

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என நீளும் இந்தத் தொழில் வழித்தடத்தில், எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளின் அசெம்பிளி லைன்கள் பெருமளவு பெண்களை நம்பியே ஓடுகின்றன.

ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்பிளி வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு எதுவும் இல்லை என்று நிறுவனம் மறுத்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் செய்தியில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, திருமணமான பெண்களுக்குக் குடும்பப் பொறுப்பு அதிகம் என்பது. அந்தப் பொறுப்பின் பெரும்பகுதி 6 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைதான்.

சட்டம் என்ன சொல்லுது?

30-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் கட்டாயம், தாய் தினமும் 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றது 2017-ன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் காப்பக விதி தொடர்கிறது.

கல்வி என்று பார்த்தால் நிலைமை வேறு. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு, 2002-ன் 86-வது திருத்தத்துக்குப் பிறகு அரசியல் சாசனத்தின் 45-வது பிரிவு, அரசு 'முயல வேண்டும்' என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே 3 வயதுக் குழந்தைக்கு ஒரு கூரையைக் கேட்க ஓரளவு சட்ட பலம் இருக்கிறது. நல்ல வகுப்பறையைக் கேட்க அந்த பலம் இல்லை.

'கையால் கற்பது' என்றால் என்ன?

புளியங்கொட்டையை எண்ணி ஒவ்வொரு கிண்ணத்திலும் 3 போடுவது. களிமண்ணை உருட்டுவது. ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது. பார்ப்பதற்கு விளையாட்டு. ஆனால் ஒரு கொட்டைக்கு ஒரு எண் என்று விரல் வைத்துத் தொடும்போதுதான் '3' என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. களிமண் பிசையும் விரல்கள்தான் பின்னால் பென்சில் பிடிக்கப் போகும் விரல்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 1939-ல் மரியா மாண்டிசோரி சென்னைக்கு வந்து, அடையாறு பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. அங்கன்வாடிகளுக்கும் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது.

இருந்தும் பல பெற்றோர் கேட்பது, "இன்னும் ஏ, பி, சி, டி எழுத வைக்கலையா?" என்றுதான். கஷ்டப்பட்டுச் சம்பாதித்துப் பணம் கட்டுபவர்களுக்குக் கண்ணில் தெரியும் அத்தாட்சி வேண்டியிருக்கிறது. நோட்டில் எழுத்து தெரிகிறது. புளியங்கொட்டை விளையாட்டில் எதுவும் தெரிவதில்லை.

இதில் அன்பு எங்கே வருது?

இந்த வழித்தடத்துக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. தமிழ் தெரியாத 3 வயதுக் குழந்தையிடம் பாட்டும் கதையும் உடனே போய்ச் சேராது. களிமண் சேரும். ஒரே கிண்ணத்தில் இரண்டு பேர் கை விட்டால், யார் முதலில் என்ற சண்டை வரும். அந்தச் சண்டைதான் அன்றைய பாடம். "அவனுக்கும் வேணுமாம், நீ முடிச்சதும் குடுப்பியா?" என்று டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், குழந்தை காத்திருக்கப் பழகும். "வாயை மூடு" என்று அதட்டினால், பயப்பட மட்டுமே பழகும்.

அம்மா நைட் ஷிப்ட் முடிந்து தூங்குவதும், அப்பா வேறு ஷிப்டில் இருப்பதும் இங்கே சாதாரணம். அப்படி ஒரு வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு, தினமும் அதே முகம் பேர் சொல்லிக் கூப்பிடுவதே பெரிய ஆறுதல். பயந்த குழந்தை எதையும் தொட்டுப் பார்க்காது. கையால் கற்பதற்கு முதல் தேவை, தப்பு செய்தாலும் திட்டு விழாது என்ற நம்பிக்கை.

ஆதாரம் இருக்கா?

இருக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகே உள்ள இப்சிலான்டி, கார் ஆலைகளை நம்பி வளர்ந்த ஊர். 1962 முதல் 1967 வரை அங்கே பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு நடந்தது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 கறுப்பினக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும், தாங்களே திட்டமிட்டுச் செய்து பார்க்கும் வகுப்பு கிடைத்தது. ஆசிரியர்கள் வாராவாரம் வீட்டுக்கும் போனார்கள். அறிவுத்திறன் மதிப்பெண்ணில் கிடைத்த முன்னேற்றம் சில ஆண்டுகளில் மங்கிவிட்டது. ஆனால் 40 வயதில் பார்த்தபோது, அவர்களிடம் வேலையும் வருமானமும் கூடுதல், கைதானவர்கள் குறைவு. பொருளாதார நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மன் குழு சொன்ன முக்கியக் காரணம், அந்த வயதில் படிந்த நடத்தையும் பழகும் விதமும்.

தமிழ்நாட்டிலேயே இன்னொரு சான்று உண்டு. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்த்ரோ கனிமியான், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் 4 மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை ஆராய்ந்தனர். பாதி மையங்களில், முன்பருவக் கல்விக்கென்றே ஒரு பகுதிநேர ஊழியர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. குழந்தைகளின் கணக்கும் மொழியும் மேம்பட்டன. வளர்ச்சிக் குறைபாடும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும்கூடக் குறைந்தன, ஏனென்றால் ஏற்கெனவே இருந்த ஊழியருக்கு அந்த வேலைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

அப்போ சிக்கல் எங்கே?

நேரத்தில்தான். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. சத்துமாவு வழங்குவது, எடை பார்ப்பது, வீடு வீடாகப் போவது, செயலியில் பதிவேற்றுவது எல்லாம் ஒரே ஊழியர் தலையில். பலருக்குத் தேர்தல் வேலை வேறு. 2025-ல் 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அரசு அறிவித்தது நல்லதுதான். ஆனால் காலியிடத்தை நிரப்புவது வேறு, மையத்துக்கு ஒருவரைக் கூடுதலாகத் தருவது வேறு.

அடுத்தது கடிகாரம். கம்பெனி பஸ் விடியும் முன்பே வந்துவிடும். அங்கன்வாடி பகலில் மட்டும் இயங்கும். இடைப்பட்ட நேரத்துக்குப் பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோதான் வழி. வெளியூரிலிருந்து வந்த குடும்பத்துக்கு அதுவும் இல்லை. ஆலைக் காப்பகம் இந்த இடைவெளியை அடைக்க முடியும். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியின் குழந்தைக்கும் அங்கே இடம் வேண்டும், தொட்டிலும் டி.வி.யும் மட்டும் இருந்தால் அது வகுப்பறை ஆகாது.

பெற்றோர் என்ன பார்க்கலாம்?

அங்கன்வாடியோ, தனியார் நர்சரியோ, ஆலைக் காப்பகமோ, சேர்க்கும் முன் நான்கு விஷயங்களைக் கவனிக்கலாம். விளையாட்டுப் பொருள்கள் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, பூட்டிய அலமாரியிலா? ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தைகள்? ஒரு குழந்தை அழுதால் யார், எப்படிப் பேசுகிறார்கள்? பெற்றோர் பகலில் உள்ளே வந்து பார்க்க அனுமதி உண்டா?

அடி விழுந்தால் புகார் செய்ய வழி உண்டு. தன் பொறுப்பில் உள்ள 18 வயதுக்குட்பட்ட குழந்தையைக் கொடுமைப்படுத்துவது, 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவின்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

அடிக்காமல் இருப்பது குறைந்தபட்சம். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்கு அவருக்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆளின் சம்பளத்தை அரசும் ஆலைகளும் எப்படிப் பகிர்வது என்பதுதான் இந்த வழித்தடம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.